ஊமைக் கட்டைகள்

வாங்க டீச்சர், உள்ள வாங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்களோ? பெல் அடிச்சீங்களா? அது அடிக்காது. ரெண்டு தடவை மாத்திட்டேன். இப்ப வர்ற சாமான் எதுவும் சரியில்ல. மாட்டுன அன்னைக்கு ஏதோ முனகுற மாதிரி இருக்கும், அப்புறம் அதுவும் நின்னுபோயிரும். ஜன்னல்ல நிழல் ஆடுச்சு, அதான் எந்திரிச்சு வந்தேன்.

செருப்பு அங்கேயே கிடக்கட்டும். இல்ல, அந்த நாற்காலி வேணாம். இப்படி ஜன்னலைப் பாத்து உக்காருங்க, வெளிச்சம் உங்க முகத்துல விழணும். முகம் தெரியாமப் பேசுனா எனக்குப் பிடிக்காது. மில்லுல பழகுன பழக்கம்.

காப்பி சாப்பிடுறீங்களா? வீட்டுல அவ இல்ல. சங்கரன்கோவில்ல தங்கச்சி வீட்டுல இருக்கா. எனக்குப் போடத் தெரியும், பாலுதான் பொங்கிக் கீழ போயிரும். வேணாமா? சரி.

கதிரேசன் உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பான். என் மகன். பெங்களூர்ல இருக்கான். ராஜபாளையத்துல ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துரலாம்னு அவன்தான் போன்ல போட்டுவிட்டிருக்கான். நீங்க வர்றீங்கன்னும் எழுதி அனுப்பியிருந்தான். பேசுறதில்ல, எழுதித்தான் அனுப்புவான். பெங்களூர் போனதுலேருந்து அவன் பேச்சு வாய்க்குள்ளேயே இருக்கு, கொழகொழன்னு. "தெளிவாப் பேசுடா"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அப்புறம் கூப்பிடுறதையே விட்டுட்டான்.

என்ன? திரும்பிச் சொல்லுங்க. ஆமா, மேசை மேல துண்டு போட்டு மூடியிருக்கே, அந்த வாசிக்கிற பெட்டிதான். சும்மாதான் தர்றேன், எடுத்துக்கிட்டுப் போகலாம். ஆனா குறை உள்ள சாமானைக் குறையைச் சொல்லாம ஒருத்தர் தலையில கட்டக்கூடாது. அதுல வலது கைப்பக்கம் இருக்கிற கட்டைக பேசாது. ஏன் பேசலன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. என்னாலயே முடியல. அதைச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும். உக்காருங்க, சொல்றேன்.

நான் ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியனா இருந்தவன். போன மாசியில ரிட்டயர் ஆனேன். நூல் நூக்கிற மிஷினுக வரிசை வரிசையா நிக்கும். எல்லாம் ஒண்ணா ஓடும்போது பக்கத்துல நிக்கிறவன் கத்துனாலும் கேக்காது. நாங்க கையாலயும் உதட்டாலயும்தான் பேசிக்குவோம். ஒருத்தன் அந்தக் கடைசியில நின்னு வாயை அசைச்சான்னா, மோட்டார்ங்கிறானா மோருங்கிறானான்னு எனக்கு இங்கேருந்தே தெரிஞ்சிரும். ஆனா மிஷின் பேசுறது வேற. அது எனக்குக் கேக்கும். மோட்டார் மேல ஸ்குரூ டிரைவரை ஊனி, அந்தப் பிடியைக் காதுகிட்ட எலும்புல அழுத்தி வச்சேன்னா, பேரிங் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொல்லிருவேன். மேனேஜரே, "சீனிவாசகத்தைக் கூப்பிடுங்கய்யா, அவன் காது மீட்டரு"ம்பாரு. காது மீட்டரு. அப்படித்தான் மில்லுக்குள்ள பேரு.

எதுக்குச் சொல்றேன்னா, குறை கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பே. அதுக்கு ஒரு முறை இருக்கு டீச்சர். கரண்ட் எங்க நுழையுதோ அங்க ஆரம்பிக்கணும். அது எங்க போய் முடியுதோ அதுவரைக்கும் ஒவ்வொரு எட்டா நடந்து போகணும். நடுவுல தாவக்கூடாது. இதுவாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிக்கிட்டுப் போகக்கூடாது. 

ரிட்டயர் ஆகி வீட்டுல வந்து உக்காந்தேன். வீடு இவ்வளவு அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரியாது. பாக்கியத்தாய் பேச்சையே குறைச்சுக்கிட்டா. அதான், வீட்டுக்காரி. கல்யாணம் ஆன புதுசுல வாய் ஓயாதுங்க அவளுக்கு. இப்ப அடுப்படியில நின்னு முதுகைக் காட்டிக்கிட்டே ஏதோ முணுமுணுப்பா. "மூஞ்சியைப் பாத்துச் சொல்லு"ன்னா, திரும்பி, "ஒண்ணுமில்ல"ம்பா. ஒண்ணுமில்ல. அவ அதிகமாச் சொன்ன வார்த்தை அதுதான். ஒரு நாள் அடுப்புல குக்கரை வச்சுட்டு, "விசில் வந்ததும் அணைச்சிருங்க"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போனா. நான் இங்கதான், இந்த நாற்காலியிலதான் இருக்கேன். விசிலே வரல. தீய்ஞ்ச வாடைதான் வந்துச்சு. குக்கர் வெயிட்டைக் கழட்டி, ஊசி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அவ அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு நின்னா. "என்ன"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னா.

கதிரேசன் பங்குனியில வந்தான். அப்பா சும்மா உக்காந்திருக்கக்கூடாதுன்னு இந்தச் சாமானைத் தருவிச்சுக் குடுத்தான். பெட்டியைத் திறந்தா ஒரு அட்டை, பொட்டலம் பொட்டலமா ரெசிஸ்டரு, கண்டென்சரு, ஐ.சி., ஒரு வரிசை கட்டை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். நாமளே ஈயத்தை உருக்கிச் சால்டர் வச்சுச் சேத்துக்கிடணும். சேத்து முடிச்சா ஆர்மோனியம் மாதிரி வாசிக்கலாம், குழல் மாதிரி, மணி மாதிரி எல்லாம் சத்தத்தை மாத்திக்கலாம்னான். எனக்குச் சங்கீதம் தெரியாது டீச்சர். இந்த ரேடியோவுல வர்றதைக்கூட நின்னு கேட்டதில்ல. ஆனா சால்டர் வாடை அடிச்சதும் கை தானா வேலையில இறங்கிருச்சு. 

நிதானமாத்தான் செஞ்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு சாமானோட கம்பிக் காலா வச்சேன். எல்லாம் முடிச்சுப் பவர் குடுத்தேன், "ஊங்"னு ஒரே இரைச்சல். வேற சத்தமில்ல. ஒரு கண்டென்சர் தலையில உப்பிக்கிட்டு நின்னுச்சு. திருப்பி மாட்டியிருக்கேன். என்னடா, முப்பது வருசம் பாத்த வேலை, முதல் நாளே இப்படின்னு ஆயிருச்சு. புதுசு வாங்கி மாத்துனேன். பத்தாததுக்கு ரெண்டு இடத்துல சால்டர் சரியாப் பிடிக்கல, மேலாப்புல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதையும் உருக்கி வச்சேன். அப்புறம் இடது ஓரத்துக் கட்டையை அமுக்குறேன், சும்மா கணீர்னு வருது. பாக்கியத்தாய் முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னா. "நல்லாருக்கே"ன்னா. அவ சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாயிருந்துச்சு. நானும் சிரிச்சேன்னு நெனைக்கிறேன்.

இதுல சத்தத்தைக் கனமாவும் கீச்சாவும் மாத்துற சுவிட்ச் ஒண்ணு இருக்கு. கீழ, நடு, மேல. அதைக் கீழ வச்சா எல்லாக் கட்டையும் பேசும். நடுவுல வச்சாலும் பேசும், கடைசிக்கு வர வரச் சன்னமா இருக்கும். மேல தள்ளுனா, பாதிக் கட்டை தாண்டுனதும் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிருது. அந்த வலது பக்கத்துக் கட்டை எல்லாம் சுத்தமா ஊமை. அமுக்குறேன், ஒண்ணுமில்ல. அமுக்குறேன், ஒண்ணுமில்ல.

சரி, கட்டைக்கு அடியில தொடுற தகடுல தூசி இருக்கும்னு பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். இல்ல. ஒவ்வொரு கட்டையோட ஒயரையும் மீட்டர் வச்சுப் பாத்தேன். சரியா இருக்கு. ஐ.சி.யைப் பிடுங்கிட்டு வேற போட்டேன். அதே கதைதான். கடைசியில ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு ஒயர்ல மீட்டரை வச்சு, பேசுற கட்டையை அமுக்குனேன், முள்ளு எந்திரிச்சுச்சு. பேசாத கட்டையை அமுக்குனேன். முள்ளு அதே அளவுக்கு எந்திரிக்குது! அப்ப கரண்ட் அதுவரைக்கும் வந்துருச்சு. ஸ்பீக்கர்தான் செத்த ஸ்பீக்கர்னு முடிவு பண்ணேன். பழைய ரேடியோவுல இருந்ததைக் கழட்டி மாட்டுனேன். இல்ல. மைக்செட் கடையில கெஞ்சி, கீச்சுச் சத்தத்துக்குன்னே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கியாந்து மாட்டுனேன். அதுலயும் இல்ல. பங்குனி போயி, சித்திரை போயி, வைகாசியும் போச்சு.

இதுக்கு நடுவுல இவ. நான் அந்த ஊமைக் கட்டையைத்தான அமுக்கி அமுக்கிப் பாக்கணும்? அமுக்குற நேரமாப் பாத்து வருவா. வந்து முன்னால நின்னு, "நிறுத்துங்க, காது கூசுது"ம்பா. "சத்தமே இல்லாததுக்கு எப்படிடி காது கூசும்?"னு கேட்டேன். ஒரு மாதிரிப் பாத்தா. கேலி பண்றான்னு நெனச்சேன். நான் பாடுபட்டுக்கிட்டு இருக்கேன், இவளுக்குக் கேலியா இருக்குன்னு. பக்கத்து வீட்டு ஜெயாவும் அப்படித்தான். வாசல்ல மறிச்சுக்கிட்டு, "என்ன அண்ணாச்சி, நாள் பூரா கீச்சு கீச்சுன்னு? பிள்ளைய தூங்கவைக்க முடியல"ன்னுச்சு. அது சொல்றது எங்க வீட்டு மாடியில கட்டுன குருவிக்கூடுன்னு நெனச்சு, நான் ஏணி போட்டு ஏறி அந்தக் கூட்டை எடுத்து மரத்துல வச்சேன். அதுக்கப்புறமும் அது என்னைக் கண்டா முகம் குடுக்கிறதில்ல.

பொம்பளைக ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னை ஏதோ பண்றாகன்னு இருந்துச்சு. கதிரேசன்கிட்டப் போன்ல இவ என்ன சொன்னாளோ, அவன், "அப்பா, ஒரு தடவை காது டாக்டரைப் பாருங்க"ன்னு எழுதி அனுப்புறான். காது டாக்டரு. எனக்கு. மில்லுல வருசா வருசம் டாக்டர் வந்து எங்க எல்லார் காதுலயும் டார்ச் அடிச்சுப் பாப்பாரு. ஒரு தடவைகூட என்னை நிறுத்துனதில்ல. நல்லாருக்கு, அடுத்த ஆளு. நல்லாருக்கு, அடுத்த ஆளு. அவன் எழுதுனதுக்கு நான் பதில் போடல.

பாக்கியத்தாய் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குள்ள இருக்கிறதையே விட்டுட்டா. அரிசி பொடைக்கிறது, காய் நறுக்குறது, துணி மடிக்கிறது, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் பின்னால போயிட்டா. தொட்டி இருக்கிற இடம், துவைக்கிற கல்லு கிடக்கும். அங்க போய் உக்காந்துக்குவா. என்ன கோவமோ. நான் கேக்கல. உக்காந்தா உக்காரட்டும், காத்து வரும்னு விட்டுட்டேன்.

ஆனி மாசம் ஒரு காலையில. அன்னைக்கு ஒரு யோசனை தோணுச்சு எனக்கு. கட்டையைக் கையில அமுக்கிக்கிட்டு, இன்னொரு கையில மீட்டரைப் பிடிச்சா, ஒயரை அசைச்சுப் பாக்கக் கை பத்தல. அதனால சுவிட்சை மேல தள்ளி, கடைசிக் கட்டைய அமுக்கி, இடுக்குல தீப்பெட்டி அட்டையை மடிச்சுச் செருகி விட்டுட்டேன். கட்டை அமுங்குனபடியே இருக்கும், ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு ஒரு இடமா அசைச்சு, மீட்டரைப் பாத்து, அசைச்சு, மீட்டரைப் பாத்து. வேலையில உக்காந்தா எனக்கு நேரம் தெரியாது. இட்லி தட்டுல காய்ஞ்சு கிடந்துச்சு. வெயில் அந்தச் சுவருலேருந்து இங்க வந்துருச்சு. வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு.

திடீர்னு கதவு அதிருது. ஓடிப்போய்த் திறந்தா ஜெயா. மூஞ்சியெல்லாம் செவந்துபோய், "முதல்ல அதை நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு வாயைப் பிளந்து கத்துது. எதை நிறுத்தச் சொல்லுதுன்னே எனக்குப் புரியல. என்னைத் தள்ளிட்டு உள்ள வந்து, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, நேரா பின்னால ஓடுச்சு, மதிலுக்கு மேல எட்டிப் பாத்திருக்கும்போல. நானும் பின்னாலயே போனேன்.

தொட்டிக்குப் பக்கத்துல கிடந்தா. கால் ஒரு பக்கமாத் திரும்பிக் கிடந்துச்சு. பாசியில வழுக்கியிருக்கா. அவ உடுத்தியிருந்த சேலை நனைஞ்சு, அது வெயில்ல காய்ஞ்சும் போச்சு. அப்படின்னா எவ்வளவு நேரம்னு பாருங்க. கண்ணைத் தொறந்துதான் இருந்தா. என்னை நிமிந்து பாத்தா. வாய் அசைஞ்சுச்சு, என்ன சொன்னான்னு தெரியல. உதட்டுல தோல் வெடிச்சிருந்துச்சு.

தொடை எலும்பு முறிஞ்சுருச்சு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி, உள்ள கம்பி வச்சிருக்கு. கதிரேசன் வந்தான், அவ தங்கச்சி சின்னத்தாய் வந்தா, எல்லாரும் கட்டிலைச் சுத்தி நிக்கிறாங்க. அப்ப இவ சொல்றா. எல்லார் முன்னாலயும் சொல்றா. "கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மனுசன் உள்ளதான் உக்காந்திருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

நான் சொன்னேன், "நீ கூப்பிடல"ன்னு.

"கூப்பிட்டேன்"ங்கிறா.

"கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? இருபது அடிகூட இல்ல. நீ கூப்பிடல, பாக்கியம்."

பொய் சொல்றான்னே சொல்லிட்டேன் டீச்சர். ஆஸ்பத்திரியில, எல்லார் முன்னாலயும். ஏன் சொல்லக்கூடாது? நான் இங்கதான் இருந்தேன். வீடு அமைதியா இருந்துச்சு. ஒரு குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். ஏதோ கோவத்துல கூப்பிடாமக் கிடந்துட்டு, பழியை என் மேல போடுறான்னுதான் எனக்குப் பட்டுச்சு. அவ முகத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பிக்கிட்டா. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சங்கரன்கோவிலுக்குப் போயிட்டா. "அக்கா அங்க வந்தா யாரு பாத்துக்குவா?"ன்னு சின்னத்தாய் கேட்டா. கதிரேசனும் கிளம்புனான். பஸ் ஏறுறதுக்கு முன்னால, "அந்தச் சனியனைத் தூக்கி யாருக்காவது குடுத்துருங்கப்பா"ன்னு மட்டும் சொன்னான்.

கஷ்டமா இருக்கான்னு கேக்குறீங்களா? தெரியல டீச்சர். இருக்கணும்தான். ஓட்டல்ல வாங்கிச் சாப்பிடுறேன், அது ருசியா இல்லையான்னு தெரியல. வெந்நி வச்சுக் குளிக்கிறேன், சூடு தெரியல. மரத்துப்போன கால்ல கிள்ளிப் பாத்தா இருக்கும்ல, அப்படி. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. அவ ஏன் கூப்பிடல? முப்பது வருசத்துக்கு மேல கூட இருந்தவ, விழுந்து கிடக்கும்போது ஏன் என்னைக் கூப்பிடல?

சரி, அது கிடக்கட்டும். சாமானைப் பாருங்க. துண்டை எடுங்க. பவர் போடுறேன். லைட் எரியுதா? கீழ வச்சு ஒரு கட்டையை அமுக்குங்க. பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு. நீங்க வாசிச்சா கட்டைக்கே ஒரு அழகு வருது. இப்ப சுவிட்சை மேல தள்ளுங்க. இடது பக்கத்துலேருந்து ஒண்ணொண்ணா வாங்க. ம். ம். இப்ப தேயுது பாருங்க. இதோ நின்னுபோச்சு. இதுக்கு மேல எல்லாம் ஊமைதான். நல்லா அமுக்குங்க, கடைசிக் கட்டையை—

என்ன? என்ன ஆச்சு? ஷாக் அடிச்சிருச்சா? காதை ஏன் பொத்துறீங்க?

கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை அமுக்குங்க.

கேக்குதா?

உங்களுக்குக் கேக்குதா?

பல்லைக் கடிக்கிறீங்க. கண்ணை இடுக்குறீங்க. அவ்வளவு சத்தமா? எப்படி இருக்கு, சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஊசி... ஊசி வச்சுக் குத்துற மாதிரியா? ம். விட்டுறாதீங்க, அமுக்கியே வைங்க, நான் ஸ்பீக்கரைத் தொட்டுப் பாக்குறேன். ஆமா. விரல் நுனியில குறுகுறுங்குது. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் வரல டீச்சர். தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. எடுத்துருங்க. கையை எடுத்துருங்க. உங்களுக்கு வலிக்கும்.

அப்ப அன்னைக்கு இது கத்திக்கிட்டு இருந்திருக்கு.

அட்டையைச் செருகி விட்டுட்டுல்ல உக்காந்திருந்தேன். காலையிலேருந்து. ஜெயா அதைத்தான் நிறுத்தச் சொல்லுச்சு. இந்தக் கூச்சல்ல அவ கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்காது. எவனுக்கும் கேட்டிருக்காது.

டீச்சர், ஒரு உதவி பண்ணணும். தப்பா நெனைக்காதீங்க. இதை அணைச்சுட்டேன், பாருங்க, லைட் நின்னுபோச்சு. நீங்க அப்படியே பின்னால போங்க. அடுப்படி தாண்டுனா கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் தொட்டி. பாத்துப் போங்க, ஈரம் இருக்கும். அங்க நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க. சீனிவாசகம்னு சொல்லுங்க, அண்ணாச்சின்னு சொல்லுங்க, வாயில என்ன வருதோ சொல்லுங்க. கூச்சப்படாதீங்க. பலமாக் கூப்பிடுங்க. நான் அன்னைக்கு உக்காந்த மாதிரியே இந்தச் சுவரைப் பாத்து உக்காந்துக்கிறேன். கேட்டதும் எந்திரிச்சு வர்றேன். போங்க.

போயிட்டீங்களா?

நான் தயாரா இருக்கேன். கூப்பிடலாம்.

டீச்சர், கூப்பிடலாம்.

என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க? வழி தெரியலையா? நேராத்தான் போகணும், அடுப்படி தாண்டி...

கூப்பிட்டீங்களா.

எத்தனை தடவை? சத்தமாவா? ஜெயா மதிலுக்கு மேல எட்டிப் பாத்துச்சா? யாரு, என்னன்னு கேட்டுச்சா. ம். அங்கேருந்தே கேட்டிருக்கு.

இல்ல, தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? எனக்கே ஒண்ணும் வரல. உக்காருங்க.

இந்தாங்க, போனு. அதுல சின்னத்தாய்னு இருக்கும். அமுக்குங்க. அவ எடுத்தா, பாக்கியத்தாய்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. யாருன்னு கேட்டா, கட்டைப் பெட்டி வாங்க வந்த டீச்சர்னு சொல்லுங்க. அவகிட்ட, அவருக்குக் கேக்கலம்மான்னு சொல்லுங்க. நீங்க கூப்பிட்டது நெஜந்தான், அவருக்குத்தான் கேக்கலன்னு. நான் கூப்பிட்டுப் பாத்தேன், எனக்கும் திரும்பலன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வேற எதுவும் நீங்களாச் சேக்க வேணாம். 

மணி போகுதா? எடுத்துட்டாளா? தங்கச்சியா? குடுக்கச் சொல்லுங்க.

அவதானா?

சொல்லிட்டீங்களா. ஒண்ணும் சொல்லலையா? வச்சிறாதீங்க. கொஞ்சம் பொறுங்க, அவ யோசிச்சுத்தான் பேசுவா. 

பேசுறாளா? உங்க மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது. கோவமாப் பேசுறாளா? பேசட்டும். இல்லல்ல, என்கிட்டக் குடுக்காதீங்க, எனக்கு அது ஊமைப் பெட்டி. நீங்களே வச்சுக்கிட்டுக் கேளுங்க. மூணு நாலு மாசமா ஒரு வார்த்தை பேசாதவ. எனக்கு அப்புறமா ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, என்ன திட்டுனாளோ அதையும் விடாமச் சொல்லுங்க. இப்ப குறுக்க ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர். அவ பேசி முடிக்கட்டும்.